சங்கிலியை எடுக்காதவள்

என் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் கொட்டிய மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்படி ஒரு கதையைத் தொடங்கினால், கடைசியில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சமாதானமாகிவிடுவார்கள் என்று கேட்பவர்கள் காத்திருக்கிறார்கள். இதில் அது நடக்காது.

மொன்றியலுக்கு அப்போது சொந்தமாக ஒரு பேஸ்போல் அணி இருந்தது. நகரத்தின் கிழக்கே, கூரை போட்ட, பூதம் போன்ற கொங்கிரீற் அரங்குதான் அதன் வீடு. வெளியே வெயில் எறித்தாலும் உள்ளே எப்போதும் பின்னேரம் போலத்தான் இருக்கும். இருக்கைகளில் பாதிகூட நிரம்பாது. வந்த கொஞ்சச் சனமும் மடக்கு இருக்கைகளைப் படார் படார் என்று அடித்துச் சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம் எனக்கு மேலேயிருந்து, கூரையில் கல் விழுவதுபோலக் கேட்கும். நான் வேலை செய்தது அரங்கின் அடிவயிற்றில், வீரர்கள் உடை மாற்றும் அறைக்குப் பின்னால் இருந்த சலவை அறையில்.

ஆட்டத்தைப் பார்க்காமலே நான் பேஸ்போல் படித்தேன். அங்கே புல் செயற்கை. அதற்குக் கீழே கொங்கிரீற். ஓடி வந்து சறுக்கி விழும் இடங்களில் மட்டும் செம்மண் போட்டிருப்பார்கள். ஆகவே காற்சட்டையின் முழங்காலில் செம்மண் ஒட்டியிருந்தால் அவன் தளத்தைத் தொட ஓடியவன். முழங்காலில் இரத்தமும் பச்சை நூலும் இருந்தால் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தவன். இரண்டும் இல்லாமல் மடிப்புக் குலையாமல் வந்தால் அன்றைக்கு அவனைக் களத்தில் இறக்கவேயில்லை. மடிப்புக் குலையாத உடுப்பைக் கூடைக்குள் போடும்போது அந்தப் பெடியன்கள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

பெடியன்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த அணியில் பேர் எடுத்தவர்களை வேறு நகரத்து அணிகள் கூட்டிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது அப்போதுதான் மீசை கறுத்த இளசுகள். அதில் பலர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். ஸ்பானிய மொழி பேசுவார்கள்; ஆங்கிலம் கொஞ்சம், பிரெஞ்சு இல்லவே இல்லை. ஏப்ரலில் இங்கே இன்னும் பனி கொட்டும். அந்த அரங்கின் நடைபாதைகள் குளிரூட்டிக்குள் போய் வருவதுபோல இருக்கும். சூடான ஒரே இடம் என் சலவை அறை. ஒவ்வொருவராகக் கதவைத் தட்டி வந்து, ஓடிக்கொண்டிருக்கும் ட்ரையர்களில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். சூடான துவாய்களை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொள்வார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவர்களுக்குத் தெரியாது. குளிர் எங்கள் எல்லாருக்கும் புதிது என்பது மட்டும் பேசாமலே விளங்கியது.

அதில் ஒருவன் பந்து வீச்சாளன். உயரம், ஒல்லி, கை மட்டும் முழங்காலைத் தொடும் நீளம். அவன் கழுத்தில் மெல்லிய தங்கச் சங்கிலி ஒன்று கிடக்கும். அதில் சின்னச் சிலுவை. தாய் போட்டுவிட்டது என்று சைகையால் காட்டியிருக்கிறான். வீசப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போவான். என்னை ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவனை, ‘அக்கா’ என்று சொல்லப் பழக்கியிருந்தேன். அவன் வாயில் அது ‘ஆக்கா’ என்றுதான் வரும்.

எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் நம்மவர். யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளிலேயே வந்து, பிரெஞ்சு நன்றாகப் படித்து, அரங்கின் துப்புரவுக்கும் சலவைக்கும் ஆள் எடுக்கும் இடத்துக்கு உயர்ந்தவர். எங்கள் சனத்தில் எத்தனையோ பேருக்கு அங்கே வேலை எடுத்துக் கொடுத்தவர், எனக்கும்தான். கோயில் நிர்வாக சபையிலும் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு இப்போது அந்தச் சொல் வாயில் கசந்தாலும், வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணை என்றே எழுதுகிறேன்.

அண்ணையின் பலம் அவருடைய நாக்கு. எங்களில் யாருக்கும் பிரெஞ்சு ஓடாது. வெள்ளைக்கார முகாமையாளர் சொல்வதை அவர்தான் எங்களுக்குச் சொல்வார். நாங்கள் சொல்வதை அவர்தான் அவர்களுக்குச் சொல்வார். நாங்கள் நீளமாக ஒரு முறைப்பாடு சொன்னால் அவர் சின்னதாக ஒன்றைச் சொல்லுவார், அவர்கள் தலையாட்டுவார்கள், எங்களுக்கு ‘பாப்பம் எண்டு சொல்லினம்’ என்று பதில் வரும். உண்மையில் என்ன சொன்னார், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை.

மே மாதக் கடைசி. அணி மறுநாள் வெளியூர் ஆட்டங்களுக்குப் புறப்பட இருந்தது. பெட்டிகளை அடுக்கும் அவசரத்தில் அந்த வீச்சாளன் தன் சங்கிலியைக் காணவில்லை என்றான். அலுமாரியைத் தேடினார்கள், குளியலறை வடிகானைக்கூடக் கழற்றிப் பார்த்தார்கள். முகாமையாளர் அண்ணையைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அண்ணை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து என் கைப்பையைக் கேட்டார்.

“குறை நினைக்காதையும் தங்கச்சி. எல்லாற்றை பையையும் பாக்கச் சொல்லி மேலிடத்துக் கட்டளை.”

எடுத்துக் கொடுத்தேன். எல்லாருடைய பையும் என்றார். என்னுடையதை மட்டும்தான் வாங்கினார். உடை மாற்றும் அறையின் நடுவில் இருந்த நீள மேசைக்குக் கொண்டுபோய், அப்படியே கவிழ்த்தார். புட்டு வைத்த சாப்பாட்டுப் பெட்டி, மெற்றோ அட்டை, மகளின் ஒற்றைக் கையுறை, தலைவலிக் குளிசை, மாதவிலக்குக்கு வைத்திருந்த துணிகள் எல்லாம் அந்த இளம் ஆம்பிளைகளின் முன்னால் பரவிக் கிடந்தன. சாப்பாட்டுப் பெட்டியின் மூடி கழன்று புட்டு கொட்டுண்டது. அண்ணை பேனாவால் புட்டைக் கிளறிப் பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பெடியன்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வீச்சாளன் மட்டும், வேண்டாம், வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். சங்கிலி அங்கே இருக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துப் பைக்குள் போட்டேன். அழவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று அண்ணை நினைத்திருப்பார். அந்தப் பேனாவைப் பிடுங்கி அவருடைய கண்ணுக்குள் குத்த வேண்டும்போல இருந்தது எனக்கு.

அடுத்த நாள் அண்ணை என்னைச் சலவை அறையிலிருந்து எடுத்து, மேல் வரிசைகளைக் கூட்டும் வேலைக்கு அனுப்பினார். முகாமையாளர் கட்டளை என்றார். மேல் வரிசை என்பது கடலைக் கோதும், ஊற்றுண்ட பியரும், சப்பித் துப்பிய சுவிங்கமும். முதுகு முறிந்துவிடும். ஆனால் முதுகு வலியைத் தாங்கலாம். தாங்க முடியாதது வெளியே நடந்தது.

யார் சொன்னதோ, எப்படிப் போனதோ, கதை எனக்கு முன்னாலேயே எங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் சனம் கூடி வாழும் பார்க் எக்ஸ்ரென்ஷனில் வழக்கமாகச் சாமான் வாங்கும் தமிழ்க் கடைக்காரி, நான் அரிசி மூட்டைகளின் பக்கம் போனால் தானும் அந்தப் பக்கம் வந்து எதையோ அடுக்கத் தொடங்கினாள். கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண், அவளுடைய பிள்ளைக்கு நான் மாதக்கணக்காகச் சாப்பாடு தீத்தியவள், தன் கைப்பையை எடுத்து மற்றப் பக்கத் தொடையோடு அணைத்து வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பூசை நடந்துகொண்டிருந்தது. தீபம் காட்டும்போது எல்லாரும் கும்பிட்டார்கள். அவள் ஒற்றைக் கையால் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் அப்போது துறைமுகத்துக் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. நான் எடுக்கவில்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருடைய தம்பிக்கு அண்ணை வேலை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்.

“இதை இதோட விடுமப்பா. காலப்போக்கிலை சனம் மறந்திடும்,” என்றார்.

“சனம் மறக்கட்டும். எனக்கு மறக்காது.”

அன்றிலிருந்து கன நாள் அவரோடு தேவைக்கு மட்டும்தான் கதைத்தேன். மெற்றோவில் போகும்போது அண்ணையைப் பழிவாங்கும் வழிகளை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்ப்பேன். அவருடைய வீட்டுக்கு முன்னால் போய் நின்று கத்துவது. கோயில் திருவிழாவில் மண் அள்ளித் தூற்றுவது. அவருடைய பையை அவருடைய மனைவியின் முன்னால் கொட்டுவது. இறங்கும் இடம் வரும்போது எல்லாமே சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். முகாமையாளரிடம் போய்ச் சொல்லலாம் என்றால், அதை மொழிபெயர்க்க அண்ணையைத்தான் கூப்பிடுவார்கள்.

ஜூன் நடுப்பகுதியில் ஒரு காலை. ஆட்டம் இல்லாத நேரத்தில் வீச்சாளர்களுக்கு அரங்கின் படிகளில் ஓடி ஏறி இறங்கும் பயிற்சி உண்டு. நான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஒருவன் என் வரிசைக்கு மேலே வந்து நின்றான். அந்தப் பெடியன். கழுத்தில் சங்கிலி.

நான் சங்கிலியைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்த தும்புத்தடியைப் பார்த்தான். ஏன் இங்கே நிற்கிறாய், நீயாக மேல் வரிசை வேலை கேட்டதாக அல்லவா சொன்னார்கள் என்று கேட்டான். உடைந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. சங்கிலி எங்கேயும் போகவில்லை. அவனே மற்றச் சோடிச் சப்பாத்துக்குள் போட்டுப் பைக்குள் வைத்திருந்தான். வெளியூரில் போய் இறங்கிய அன்றே கண்டுபிடித்து, மொழி தெரிந்த பயிற்சியாளர் ஒருவரைக் கொண்டு இங்கே தொலைபேசி எடுப்பித்திருக்கிறான். எடுத்துக் கதைத்தவர் அண்ணை. நல்லது, நான் அவவிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொன்னாராம். பெடியன் நிம்மதியாக இருந்துவிட்டான்.

நான் வரிசையில் இருந்த ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அதுவரை அண்ணை ஒரு முட்டாள் என்றும், முகாமையாளருக்கு வால் பிடிக்க என்னைக் காட்டிக்கொடுத்தவர் என்றும்தான் நினைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மேல் வரிசைக்கு வந்த முதல் கிழமையே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே கோயிலில் என்னைத் தாண்டிப் போய்த் திருநீறு வாங்கியிருக்கிறார். தெரிந்துகொண்டே அந்தக் கடைக்காரியையும், கைப்பையை அணைத்தவளையும் நம்பவிட்டிருக்கிறார். பிழை செய்தேன் என்று ஒரு சொல் சொன்னால் அவருடைய மதிப்பில் ஒரு கீறல் விழும். அதற்காக என் நல்ல பேர் முழுவதையும் பலி கொடுத்தது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

பெடியன் உடனே முகாமையாளரிடம் போய்ச் சொல்லப் போவதாக எழும்பினான். அவன் கண் கலங்கியிருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஏதோ சின்ன நகரத்துக் கடையில் தன்னையும் மறித்துச் சட்டைப் பைகளைத் தட்டிப் பார்த்தார்கள் என்றான். நான் அவனுடைய கையைப் பிடித்து நிறுத்தினேன். முகாமையாளருக்கு என் பேரே தெரியாது. அவருக்கு உண்மை தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? என்னைக் கள்ளி என்று நினைப்பவர்கள் எல்லாம் தமிழர். அவர்களுக்குத் தெரிய வேண்டும், தமிழில் தெரிய வேண்டும், அண்ணை இடையில் நின்று எதையும் மாற்ற முடியாதபடி தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, இவனே தமிழ் பேச வேண்டும்.

அதைக் கேட்டு அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. எத்தனை சொல் என்று கேட்டான்.

அணி ஊரில் இருந்த நாள்களில், காலையில் அவன் படி ஏற வரும்போதெல்லாம் வகுப்பு நடந்தது. எழுதிக் கொடுக்கவில்லை, எல்லாம் காது வழியாகத்தான். மூன்று சின்ன வசனங்கள். ‘சங்கிலி’ லேசாக வந்துவிட்டது. ‘என்ர’ என்பதில் வருகிற ரகரத்தை என்னைவிட அழகாக உருட்டினான். ‘எடுக்கேல்லை’ என்பதுதான் உயிரை வாங்கியது. அவன் அதைப் பாடுவதுபோல இழுப்பான், கேள்வி கேட்பதுபோல முடிப்பான். கேள்வியில்லை, முடிவு, இப்படி என்று நான் தும்புத்தடியால் படியில் ஓங்கித் தட்டுவேன். அவன் ஒரு படிக்கு ஒரு சொல் என்று சொல்லிக்கொண்டே மேலே ஓடுவான், கீழே வருவான். பக்கத்து வரிசைகளில் ஓடிய மற்றப் பெடியன்களும் கேட்டுக் கேட்டு, அன்றைக்கே என்ற அர்த்தம் தெரியாமலே ‘அண்டைக்கே, அண்டைக்கே’ என்று பாடத் தொடங்கிவிட்டார்கள். அண்ணை கீழே எங்காவது நின்று கேட்டுவிடுவாரோ என்று நான் எட்டி எட்டிப் பார்ப்பேன். பெடியனுக்கு அர்த்தமும் சொல்லிக்கொடுத்தேன். கிளிப்பிள்ளைபோல ஒப்புவித்தால் ஆரோ சொல்லிக்கொடுத்தது என்று தட்டிவிடுவார்கள். தான் என்ன சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

சந்தர்ப்பத்தை அண்ணையே ஏற்படுத்தித் தந்தார். அரங்கு நிரம்பாததால் அணி ஊர்ச் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் நுழைவுச்சீட்டுகளை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்குக் கோயில் சனத்தைக் கூட்டிவர ஒழுங்கு செய்தார். ஆட்டம் முடிந்த பிறகு முன்வரிசைக்கு இறங்கி வந்து வீரர்களைச் சந்திக்கலாம், பந்தில் கையெழுத்து வாங்கலாம் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார். அந்த அரங்கில் தனக்கு எவ்வளவு செல்வாக்கு என்று காட்டுகிற ஆசை.

அந்த ஞாயிறு வந்தது. ஆடுகளத்தில் ஓடித் தொடும் மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருந்த பகுதி முழுக்க எங்கள் சனம். சேலை கட்டியவர்கள், அணியின் தொப்பியைப் போட்ட பிள்ளைகள், மிக்சர்ப் பைகள். என் கணவரும் மகளும்கூட வந்திருந்தார்கள். அவருக்கு நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நான் வேலை உடுப்போடு அவர்களுக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, ஒரு தூணோரம் நின்றேன். ஆட்டத்தில் யார் வென்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆட்டம் முடிந்து சனம் கம்பி வேலியோரம் இறங்கியது. அண்ணை கோட்டு சூட்டோடு, தேர்த் திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்தப் பிடிக்கிற கை ஒலிபெருக்கியோடு நின்றார். வெளியில் வந்த பெடியன்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தினார். அவர்கள் ஏதாவது சொன்னால் மொழிபெயர்த்தார். ஒருவன் நன்றி என்று ஒரு சொல்தான் சொன்னான். அண்ணை அதை, தமிழ் மக்களைச் சந்திப்பது தன் வாழ்நாள் பாக்கியம் என்று சொல்கிறார் என்று நீட்டினார். சனம் கை தட்டியது.

பிறகு அந்த வீச்சாளன் வந்தான். அண்ணை அவனுடைய தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றார். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி ஒலிபெருக்கியை அவனிடம் கொடுத்தார்.

“வணக்கம்,” என்றான் பெடியன்.

சனம் ஆர்ப்பரித்தது. பிள்ளைகள் துள்ளினார்கள். அண்ணை பெருமையாகச் சிரித்தார், தானே பழக்கியதுபோல. பெடியன் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்தான். பிறகு, பந்தை வீச முதல் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னான்.

“சங்கிலியை அக்கா எடுக்கேல்லை. அது என்ர பையுக்கைதான் கிடந்தது. அண்ணைக்கு அண்டைக்கே சொன்னனான்.”

சொல்லிவிட்டுக் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினான். பிறகு கையை நீட்டினான். முதலில் அண்ணையை நோக்கி, அதன் பிறகு மேலே தூணோரம் நின்ற என்னை நோக்கி. கையை நீட்டச் சொல்லி நான் பழக்கவில்லை. அது அவனே சேர்த்தது.

யாரும் கை தட்டவில்லை. அண்ணை எட்டி ஒலிபெருக்கியை வாங்கினார். அவருடைய முகம் சாம்பல் பூத்திருந்தது, ஆனாலும் நாக்கு பழக்கதோஷத்தில் வேலை செய்தது.

“தம்பி என்ன சொல்லுறாரெண்டா, உங்கள் எல்லாரையும் கண்டது தனக்கு…”

தமிழில் சொன்னதைத் தமிழருக்கே மொழிபெயர்க்கத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா அவரை மறித்தா. சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னா.

“எங்களுக்கு விளங்கினது, தம்பி.”

அவ்வளவுதான். சிலர் தலையைக் குனிந்தார்கள். சிலர் திரும்பி என்னைத் தேடினார்கள். நான் தேடியது கைப்பையை அணைத்துக்கொண்ட அந்தப் பெண்ணின் முகத்தை. கண்டுபிடித்தேன். அவள் தன் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள், சரியாக இருந்த தொப்பியை. அவளைப் பார்த்தபடியே நின்றேன், அவள் நிமிரும்வரை. நிமிர்ந்தாள்; நான் கண்ணை எடுக்கவில்லை. வயிற்றுக்குள் குளிர்ந்த மோர் இறங்குவதுபோல இருந்தது. பழி தீர்த்த பிறகு மனம் வெறுமையாகிவிடும் என்று சொல்கிறவர்கள் சரியாகப் பழி தீர்த்ததில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார், எனக்கு முன்னமே சொல்லியிருக்கலாமே என்று.

“சொன்னா நீங்கள் விடச் சொல்லியிருப்பியள்,” என்றேன். அவர் தம்பியைத் தானாக ஒரு வேலை தேடிக்கொள்ளச் சொல்லித் தொலைபேசி எடுத்தார்.

மறுநாள் காலை அண்ணை மேல் வரிசைக்கு வந்தார். அத்தனை படியும் ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. நான் கூட்டுவதை நிறுத்தவில்லை.

“நீர் என்னட்டை வந்து கதைச்சிருக்கலாம், தங்கச்சி. சனத்துக்கு முன்னாலை இப்பிடிச் செய்திருக்கக் கூடாது.”

“என்ர பையையும் சனத்துக்கு முன்னாலைதானே கொட்டினீங்கள்.”

அவர், வேலைப் பளுவில் அந்தத் தொலைபேசி விசயத்தை மறந்துபோனேன் என்றார். என்னைத் திரும்பச் சலவை அறையில் போட ஒழுங்கு செய்வதாகவும் சொன்னார். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். சலவையிலும் துப்புரவிலும் வேலை செய்கிற எங்கள் ஆள்கள் எல்லாரையும் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால், நான் எடுக்கவில்லை என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று அவர் சொல்ல வேண்டும். அவர் முதலில் ஏலாது என்றார். அப்படியென்றால் நான் மேல் வரிசையிலேயே இருக்கிறேன், போகிற வருகிற ஒவ்வொருவருக்கும் ஏன் இங்கே இருக்கிறேன் என்று சொல்கிறேன் என்றேன். அந்தக் கிழமைக் கடைசியில் சொன்னார். சொல்லும்போது நிலத்தைப் பார்த்தார். நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கோ அண்ணை என்றேன். நிமிர்ந்து பார்த்து இன்னொருமுறை சொன்னார். எல்லாரும் சங்கடப்பட்டார்கள். எனக்குச் சங்கடமாக இருக்கவில்லை.

சலவை அறைக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு அந்த வேலை இருந்தவரை அவரோடு நேரே ஒரு சொல் கதைக்கவில்லை. அவர் என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு வேலையாளிடம் சொல்லி அனுப்ப வேண்டும். நானும் அந்த வேலையாளிடமே பதிலைச் சொல்லி அனுப்புவேன்.

பெடியனுக்கு அந்த வருடம் நல்லபடியாக அமையவில்லை. ஓகஸ்டில் தோள்மூட்டு நோகத் தொடங்கியது. வீச்சில் வேகம் குறைந்தது. கீழ்மட்ட அணிக்கு இறக்கிவிட்டார்கள். போகிற அன்று மத்தியானம் சலவை அறைக்கு வந்து, வெயில் காலம் என்றும் பாராமல், ட்ரையரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மறக்கவில்லை என்று மூன்று வசனத்தையும் சொல்லிக் காட்டினான். ‘எடுக்கேல்லை’ அப்போது அப்படியே யாழ்ப்பாணத்தான் சொன்னதுபோல வந்தது. நன்றி சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. அவனுடைய துவாய்களை மடித்து அவனுடைய பைக்குள் வைத்துவிட்டேன். பெரிய அணி எதிலும் பிறகு அவன் வீசியதாகத் தெரியவில்லை. கோபம் எனக்கு அதிலும் உண்டு. என்னைப் போன்ற ஒருத்திக்காக வாய் திறந்த ஒரேயொரு ஆம்பிளை அவன்தான், அவனுடைய கையைத்தானா கடவுளுக்கு முறிக்கத் தோன்றியது?

அடுத்த வருடத்தோடு அணியும் நகரத்தை விட்டுப் போய்விட்டது. கடைசி ஆட்டத்தன்று பெரிய பெரிய ஆம்பிளைகள் இருக்கைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். நாங்கள் எல்லாரும் வேலை இழந்தோம், அண்ணையும் சேர்த்து. என் வேலை போன கவலையைவிட அவருடைய வேலை போன திருப்தி ஒரு படி கூடவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் ஒரு கார்டெரியில், பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்துச் சமையலறையில், வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தத்தித் தத்திப் பிரெஞ்சு படித்தேன். இப்போது எனக்காக யாரும் பேச வேண்டியதில்லை.

என் ஆத்திரம் முழுதாகத் தீர்ந்ததா என்றால், இல்லை. நம் சனம் உண்மையில் மறந்துவிடுகிறது. கொஞ்சக் காலம் கோயிலில் அண்ணையோடு யாரும் நெருங்கிக் கதைக்கவில்லை. அவர் நிர்வாக சபையிலிருந்து தானாக விலகினார். இரண்டு மூன்று திருவிழா போன பிறகு திரும்பவும் முன்வரிசையில் நின்றார். கைப்பைக்காரி என் மகள் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்தியச் சடங்குக்கு அழைக்காமலே பலகாரத் தட்டோடு வந்து, எதுவும் நடக்காததுபோல எல்லாரோடும் சிரித்துக் கதைத்தாள். தட்டை வாங்கி வைத்தேன். அந்தப் பலகாரத்தை நாங்கள் ஒருவரும் தொடவில்லை.

மெற்றோ ஆற்றுக்கு அப்பால் உள்ள லவால் நகரம் வரை நீண்ட பிறகு, ஒரு சனிக்கிழமை நானும் மகளும் அங்கேயுள்ள கடைத்தொகுதிக்குப் போயிருந்தோம். அவளுக்குக் குளிர்காலச் சப்பாத்து வாங்க வேண்டும். ஓடும் படிக்கட்டுக்குப் பக்கத்து வாங்கில் அண்ணை தனியாக இருந்தார். மெலிந்திருந்தார். முழங்காலோரம் ஒரு கைத்தடி. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முடியவில்லை. மகளின் படிப்பைக் கேட்டார். அவளே பதில் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னும் மனசிலை வைச்சிருக்கிறீரோ, தங்கச்சி?”

“ஓம் அண்ணை, வைச்சிருக்கிறன்,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. கொஞ்சத் தூரம் நடந்த பிறகு மகள், பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும், அவர் வயசான ஆள் அம்மா, ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றாள்.

“எனக்கும் வயசு போகுது,” என்று சொல்லிவிட்டு அவளைச் சப்பாத்துக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அளவில் கறுப்பு நிறம் இருக்கவில்லை. மண்ணிறத்தில் ஒரு சோடி எடுத்தோம்.